ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒன்று

குறை சொல்வதற்கென்றே சம்பளம் வாங்குகிறவன் அருள்ஜோசப். ஓசூர் சிப்காட்டில் வண்டி பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில், வெளியிலிருந்து வந்து இறங்கும் சாமான்களைச் சோதிக்கிற வேலை. அளந்து பார்ப்பான், விரலால் தடவிப் பார்ப்பான், வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பான். சரியில்லையென்றால் சிவப்பு அட்டையைக் கட்டித் திருப்பி அனுப்பிவிடுவான். அவன் நிரப்புகிற படிவத்தில் குறை எழுதப் பன்னிரண்டு கட்டங்கள் உண்டு. நன்றாக இருக்கிறது என்று எழுத ஒரு கட்டம்கூடக் கிடையாது. குறை இல்லையா, காலியாக விட வேண்டியதுதான். பதினாறு வருஷமாக நல்லதையெல்லாம் காலியாக விட்டதில் அவன் வாயும் அதற்கே பழகிப்போயிருந்தது.

கோபத்துக்கு மட்டும் பஞ்சமில்லை. குழாயைச் சரியாக மூடாததற்கு, செருப்பு கோணலாகக் கிடந்ததற்கு, மகள் பெனிஷா ‘ற’வுக்கு வால் நீட்டாததற்கு என்று நாளுக்கு நாலு கோபம் வாடிக்கையாக வரும். வந்த வேகத்தில் போகும். வீட்டில் அதை யாரும் மின்விசிறிச் சத்தத்துக்கு மேல் மதிப்பதில்லை.

மனைவி ஜெபசீலியின் கோபம் அப்படியல்ல. அது தேர் மாதிரி. வருஷத்துக்கு ஒரு தரம்தான் கிளம்பும், கிளம்பினால் தெருவை அடைத்துக்கொண்டு வரும்.

அந்த வருஷத்துத் தேர் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் கிளம்பியது. அன்று சாயங்காலம் அன்பியக் கூட்டம் அவர்கள் வீட்டில். கோயில் பங்கிலே பத்துப் பதினைந்து குடும்பங்களைச் சேர்த்து ஓர் அன்பியம். மாதம் ஒரு வீட்டில் கூடிச் செபம் சொல்லி, சுண்டலும் டீயும் சாப்பிட்டுக் கலைவார்கள். செபம் முடிந்ததும் தலைவி வின்சி அக்கா கையைத் தட்டினாள்.

“வர்ற ஞாயித்துக்கிழம திருக்குடும்பத் திருவிழா. சாமியார் ஒரு வேல குடுத்திருக்காரு. ஆம்பளைங்க ஒவ்வொருத்தரா எழுந்திரிச்சு வூட்டுக்காரம்மாவப் பத்தி ஒரு நல்ல வார்த்த சொல்லணும். சொன்னாத்தான் சுண்டல்.”

முதலில் எழுந்தவன் ஸ்டெபின். கல்யாணமாகி ஏழு மாதம். “என் வாழ்க்கைக்கே வெளிச்சம் அவதான்” என்றான். கைதட்டல். அவன் மனைவி முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டாள். அருள்ஜோசப்புக்கு எரிச்சல். ஏழு மாதத்து வெளிச்சம் யாருக்குத்தான் எரியாது, பதினைந்து வருஷம் ஓட்டிவிட்டு வந்து சொல்லட்டுமே.

அவன் முறை வந்தது. சமையலறை வாசலில் டீத்தட்டோடு ஜெபசீலி நின்றாள். எல்லோரும் பார்த்தார்கள். அவன் தொண்டையைச் செருமினான்.

“ஜெபசீலிகிட்ட கொறைன்னு சொல்ற மாதிரி பெருசா ஒண்ணும் இல்லீங்க. சின்னச் சின்னது இருக்குது. அனுசரிச்சுக்கலாம்.”

வீடு அதிரச் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அவன் அகராதியில் அதற்கு மேலே ஒரு பாராட்டு கிடையாது. ஜெர்மனியிலிருந்து வந்த பேரிங்குக்குக்கூட அவன் இவ்வளவு சொன்னதில்லை. டீத்தட்டு மேஜையில் இறங்கிய சத்தத்தில்தான் சிரிப்பு நின்றது.

கூட்டம் கலைந்தது. டம்ளர்கள் ஒவ்வொன்றாகத் தொட்டியில் விழுந்தன.

“இப்ப என்னாச்சுன்னு இந்த மூஞ்சி?” என்றான் அருள்ஜோசப்.

“அனுசரிச்சுக்கலாமா? நான் என்ன கால் ஆடற ஸ்டூலா?”

“நல்லதுதான சொன்னேன். கொறையே இல்லன்னு சொன்னேன்!”

“கொறை இல்லன்னு சொன்னீங்க. என்ன இருக்குதுன்னு சொன்னீங்களா?” ஈரக்கையை அவன் முகத்துக்கு நேராக நீட்டினாள். “பதினஞ்சு வருஷம். ஒரே வூடு. ஒரே தட்டு. என்கிட்ட என்னத்தப் பாத்தீங்க? ஒண்ணு சொல்லுங்க. ஒரே ஒண்ணு. ஞாயித்துக்கிழம பூச முடிஞ்சு நான் பையத் தூக்கறதுக்குள்ள. இல்லேன்னா நானும் பெனியும் ராயக்கோட்டைக்கு அண்ணன் வூட்டுக்குப் போறோம். அரைப்பரீட்ச லீவு முடிஞ்சுதான் வருவோம். நீங்க இந்தச் சின்னச் சின்னதையெல்லாம் தனியா உக்காந்து அனுசரிங்க.”

அருள்ஜோசப்புக்குச் சுர்ரென்று ஏறியது. கெடு வைக்கிறாள்! சப்ளையர் மாதிரி தன்னை நிற்க வைத்துக் கேள்வி கேட்கிறாள்! ஒன்று சொல்வது என்ன பெரிய காரியம் என்று படுக்கப் போனான். படுத்த பிறகுதான் தெரிந்தது, ஒன்றும் வரவில்லை. காதலிக்கிறேன் என்று சொல்வதற்கு ஒரு மலையுச்சியும் காற்றில் பறக்கிற சட்டையும் வேண்டும். பிடிக்கும் என்று சொல்லலாம்; ஆனால் அதை அவன் சாயங்காலம்தான் சுண்டலைப் பற்றிச் சொல்லியிருந்தான். ஐ லவ் யூ என்பதைப் பெனிஷா எதிர் வீட்டு நாய்க்குச் சொல்கிறாள், தினமும் மூன்று வேளை.

மறுநாள் கம்பெனியில் ராஜ்குமாரைப் பிடித்தான். அத்திப்பள்ளியிலிருந்து எல்லை தாண்டி வேலைக்கு வருகிற கன்னடக்காரன். டீ இடைவேளை தோறும் மனைவியோடு போனில் சிரிப்பவன்.

“தினமும் அப்படி என்னய்யா பேசுவ?”

“பெருசா ஒண்ணும் இல்ல சார். நீனந்த்ரெ நங்கிஷ்டன்னு சொல்வேன். அவ சும்மா இருன்னு சொல்லுவா. அவ்ளோதான் சார்.”

“அப்படின்னா?”

“உன்ன எனக்கு இஷ்டம்னு அர்த்தம் சார். மேட்டர் முடிஞ்சுது.”

நீனந்த்ரெ நங்கிஷ்ட. அருள்ஜோசப் வாய்க்குள் உருட்டிப் பார்த்தான். அடக்கமாக இருந்தது. தமிழில் சொன்னால் முழு வெட்கம், கன்னடத்தில் சொன்னால் பாதிதான். அவளும் ராயக்கோட்டைக்காரி, வீட்டில் தமிழ், சந்தையில் தெலுங்கு, ரத்தம் எடுக்கிற வேலை பார்க்கும் கிளினிக்கில் கன்னடம் என்று மூன்றும் ஓடும். புரிந்துகொள்வாள். அன்று வந்த பெட்டிகளையெல்லாம் அந்த இரண்டு வார்த்தைகளோடுதான் சோதித்தான். ஒரு பெட்டியைக்கூடத் திருப்பி அனுப்பாததைப் பார்த்து மேனேஜர் உடம்புக்குச் சரியில்லையா என்று கேட்டார்.

ஞாயிறு. பூசை முடிந்து வீட்டுக்கு வந்தாயிற்று. சாமியார் குடும்ப அன்பைப் பற்றிப் பேசிய அரைமணி நேரமும் அவன் நீனந்த்ரெ நங்கிஷ்டவை வாய்க்குள் உருட்டிக்கொண்டிருந்தான். ஜெபசீலி பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். கைகளைக் கட்டிக்கொண்டு எதிரே நின்றாள்.

“என்ன, போகட்டுமா?”

அவன் வாயைத் திறந்தான். நீனந்த்ரெ என்பது கம்பெனியில் வெண்ணெயாக வந்தது. இங்கே பாதியில் முறிந்தது.

“நீ...”

“ம்.”

“நீ... இஷ்டம்.”

“என்ன?”

“இஷ்டம்... நீ...”

ஜெபசீலியின் முகம் கல்லானது. “என் இஷ்டமா? நல்லது. பெனி, செருப்பப் போடு.”

அருள்ஜோசப் திகைத்துப்போனான். பிறகு கொதித்தான். வாழ்நாளில் முதல்முறையாக ஒரு மனிதன் வெட்கத்தை விட்டு வாயைத் திறந்து சொல்கிறான், அதைக் கேட்டுவிட்டு இவள் மகளுக்குச் செருப்புப் போடச் சொல்கிறாள்! இவ்வளவு திமிரா? போகட்டும். தானே கொண்டுபோய் பஸ் ஏற்றிவிட்டு வந்து பிரியாணி சாப்பிட்டுத் தூங்குவான்.

மூன்று பேரும் ஒரே பைக்கில் போனார்கள். நடுவில் பெனிஷா, மடியில் பை. ஜெபசீலி அவன் தோளைத் தொடவில்லை. பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். வேண்டுமென்றே அவன் வேகத்தடையில் வேகத்தைக் குறைக்கவில்லை. வேண்டுமென்றே அவள் அப்போதும் பிடிக்கவில்லை. நடுவில் சிக்கிய பெனிஷாதான் இரண்டு பேருக்கும் சேர்த்து ‘அய்யோ’ என்றாள்.

ராயக்கோட்டை பஸ் புறப்படத் தயாராக நின்றது. ஜெபசீலி ஏறி ஜன்னலோரம் மகளை உட்கார வைத்தாள். அருள்ஜோசப் கீழே நின்று பையை ஜன்னல் வழியாகத் திணித்தான். திணித்த கையோடு பொங்கிவிட்டான்.

“ஒருத்தன் வாய் விட்டுச் சொன்னா அதுக்கொரு மரியாத வேணாம்?”

“என்னத்தச் சொன்னீங்க?”

“சொன்னேனில்ல காத்தால!”

“உன் இஷ்டம்னு சொன்னீங்க. அதத்தான் பதினஞ்சு வருஷமா சொல்றீங்களே. சேல எடுக்கப் போனா உன் இஷ்டம். சமையலுக்கு என்ன பண்றதுன்னா உன் இஷ்டம். இதச் சொல்றதுக்கா ரெண்டு நாளு யோசிச்சீங்க?”

“அது கன்னடம்டி!”

பஸ்ஸிலிருந்து நாலு தலைகள் எட்டிப் பார்த்தன.

“என்னது?”

“கன்னடம்! நீனந்த்ரெ நங்கிஷ்டம்! பாதியில நின்னு போச்சு, அதுக்கு நான் என்ன பண்றது? தாய்மொழியா அது!”

கண்டக்டர் விசில் ஊதினார். பஸ் நகர்ந்தது. அருள்ஜோசப் பக்கத்திலேயே நாலு எட்டு ஓடினான். சண்டை முடியாமல் நிற்கப் பிடிக்காமல் படியில் தொற்றி ஏறினான். அவள் இருக்கைக்குப் போய், மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“எங்க சார்?” என்றார் கண்டக்டர்.

“இவ எங்கியோ அங்க!”

ஜெபசீலி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தாள். “கடன் வாங்கின வார்த்த. அதையும் பாதிதான் வாங்கியிருக்கீங்க. நீங்களா பாத்தது எங்க?”

“பாக்கலன்னு யாருடி சொன்னா? கண்ண வெச்சுதான் பொழப்ப ஓட்டறேன்! வெங்காயம் அரியும்போது என் ஹெல்மெட்ட எடுத்து மாட்டிக்கற. கண்ணாடிய வேற எறக்கி விட்டுக்கற. அப்பறம் நான் அத மாட்டிகிட்டு வேலைக்குப் போனா பாகலூர் ரோடு முச்சூடும் வெங்காய வாசன. ஆறு வருஷமா வருது. ஒரு நாளாவது அத நான் கழுவினேனா? கழுவினேனா சொல்லு!”

“கழுவ மாட்டீங்க. சோம்பேறி.”

“சோம்பேறி இல்லடி! அத விடு. குக்கர் விசில் அடிச்சா எண்ண மாட்ட, அதுகிட்ட போய் போதும் போதும்னு சொல்ற. என்னமோ அதுக்குக் காது இருக்கற மாதிரி. அதுவும் நின்னுடுது! அது எப்படி நிக்குதுன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியல. நான் சொன்னா நிக்க மாட்டேங்குது. சொல்லிப் பாத்தேன்!”

முன் சீட்டில் காலித் தக்காளிக் கூடைகளோடு உட்கார்ந்திருந்த அம்மாள் தோளைக் குலுக்கிச் சிரித்தாள். அருள்ஜோசப் கவனிக்கவில்லை. அவனுக்குச் சுதி ஏறிவிட்டது. பன்னிரண்டு கட்டமும் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

“கிளினிக்ல ரத்தம் எடுக்கறப்ப எந்த ஊருன்னு கேக்கற. அவங்க சொல்லி முடிக்கறதுக்குள்ள ஊசி உள்ள போய் வெளிய வந்துடுது. பெனிக்கு டெங்குன்னு கூட்டிட்டு வந்தன்னிக்கு ஒரு மணி நேரம் நின்னு பாத்தேன். தேன்கனிக்கோட்டக்காரனுக்கு வலிக்கவே இல்ல. ஓசூர்க்காரன்தான் பாவம், ரெண்டு எழுத்துல ஊரு முடிஞ்சு போச்சு, ஆன்னு கத்தினான்.”

“ஓசூருக்கு ரெண்டு எழுத்தா? மூணு,” என்றாள் ஜெபசீலி. குரல் இன்னும் சூடாகத்தான் இருந்தது. முகம் மட்டும் ஜன்னலை விட்டுத் திரும்பியிருந்தது.

“எழுத்த விடு! கோயில்ல ஊரே ஆமென் சொல்லி முடிச்சப்பறம் நீ ஒருத்தி தனியா ஆமென் சொல்ற. இன்னிக்கும் சொன்ன. எல்லாரும் உக்காந்தாச்சு, நான் மட்டும் உக்காராம நிக்கறேன். எதுக்கு நிக்கறேன்? அது வரணும்னு நிக்கறேன். பதினஞ்சு வருஷமா அந்த ஒரு ஆமெனுக்காக மொழங்கால் வலிக்க நிக்கறேன். அது வந்தாத்தான் எனக்குப் பூச முடியுது. இதெல்லாம் ஒரு மனுஷன் எங்க போய் எப்படிச் சொல்றது? அன்பியத்துல சொன்னா சிரிக்க மாட்டாங்களா?”

பஸ் சட்டென்று நின்றது. சானமாவுக் காடு. வனத்துறைக்காரர் இரண்டு பேர் சாலையின் குறுக்கே கையை நீட்டி நின்றார்கள். பஸ் மொத்தமும் ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

“அப்பா! யான! குட்டி இருக்குதுப்பா!” பெனிஷா இருக்கையின் மேல் ஏறி நின்றாள்.

“இரு பெனி, உங்கம்மாகிட்ட பேசிட்டிருக்கேன்.”

“நான் ஒண்ணும் லேட்டா சொல்றதில்ல,” என்றாள் ஜெபசீலி. கண் கலங்கியிருந்தது, அதற்கும் சேர்த்து அவள் கோபப்பட்டாள். “நீங்கல்லாம் அவசரப்பட்டு ஓடறீங்க. செபத்துக்கு அர்த்தம் புரிஞ்சு சொல்ல வேணாமா?”

“அம்மா, பாரும்மா! குட்டி அதோட அம்மா வயித்துக்கு அடியில நடக்குது!”

“நீ பாரு கண்ணு. ஏங்க, இதெல்லாம் தெரிஞ்சிருந்துமா அன்னிக்கு அத்தன பேரு முன்னாடி அனுசரிச்சுக்கலாம்னு சொன்னீங்க?”

“அது நல்ல வார்த்தன்னு நெனச்சுதான்டி சொன்னேன்!”

“நல்ல வார்த்தயா அது? உங்க வாயில...”

வெளியே எட்டு யானைகள் தாரில் கால் வைத்து, சாலையைக் கடந்து, யூகலிப்டஸ் மரங்களுக்குள் போய் மறைந்தன. நாற்பது கைப்பேசிகள் அதைப் படம் பிடித்தன. வனத்துறைக்காரர் கையை இறக்கினார். பஸ் புறப்பட்டது.

“ரெண்டு பேரும் பாக்கவே இல்ல!” பெனிஷாவுக்கு அழுகை முட்டியது. “யானய யாராச்சும் பாக்காம இருப்பாங்களா? நீங்க என்ன மாதிரி அப்பா அம்மா!”

அருள்ஜோசப் காட்டுப் பக்கம் பார்த்தான். மரம்தான் இருந்தது. தலையைச் சொறிந்தான். அப்போதுதான் பைக்கை நினைத்துக்கொண்டான். பஸ் ஸ்டாண்டில், சாவியோடு. போனில் ராஜ்குமாரைக் கூப்பிடலாம். ஆனால் அவனிடம் கன்னடம் என்ன ஆயிற்று என்பதையும் சொல்ல வேண்டிவரும்.

ஜெபசீலி மகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு இடம் விட்டாள். அவன் உட்கார்ந்தான்.

“லீவு முடிஞ்சுதான் வருவியா?”

“அண்ணன் கறி எடுத்து வெச்சிருக்குது. சாப்ட்டுட்டு சாயங்கால பஸ்ல யார் யார் போறதுன்னு பாக்கலாம்.” புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். பிறகு அவன் பக்கம் திரும்பாமலே, கணக்கு வாத்தியார் குரலில் கேட்டாள்: “வேற?”

“வேற என்ன?”

“ராயக்கோட்ட வர்றதுக்கு இன்னும் அரைமணி நேரம் இருக்குது. வேற சொல்லுங்க.”

“மெரட்டறியா? வேறயா... ராத்திரி தூங்கும்போது நீ...”

அவள் கை பாய்ந்து அவன் வாயைப் பொத்தியது. முன் சீட்டு அம்மாள் கூடைகளை நகர்த்திவிட்டு, முழுசாகப் பின்னால் திரும்பி உட்கார்ந்தாள்.