உத்திரத்தில் பதிந்த கை

அடக்கம் முடிந்து வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கொழுந்தன் வாசலில் நின்று, சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கிக்கொண்டிருந்தான். பட்டறையில் உத்திரத்தின் மேல் துரு பூத்திருக்கிறதாம். அதுவும் கை வடிவத்தில்.

யாருடைய கை என்று அவள் கேட்கவில்லை. நேற்றுக் காலை தண்ணீர் குடிக்கக் கையுறையைக் கழற்றிய கணவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தது அந்த உத்திரத்தின் மேல்தான்.

கழிமுகத்துப் பாலம் இடிந்தபோது தண்ணீருக்குள் போன எஃகு உத்திரம் அது. உப்பு ஏறிக் கிடந்ததை மாதக்கணக்கில் ஊறவைத்து, கழுவி, உதிரும் துருவைத் தேய்த்தெடுத்து, அவளும் அவருமாகத் துருத்தடுப்புப் பூச்சுக்குத் தயார் செய்திருந்தார்கள். நாளை நினைவிடத்தில் நிறுத்த வேண்டும். கிரேனுக்குச் சொல்லியாயிற்று, பாலத்தோடு போனவர்களின் வீட்டார் வருகிறார்கள். துளி உப்பு தங்கினாலும் பூச்சு கொப்புளித்து உரிந்துவிடும். கை வியர்வையிலும் உப்பு இருப்பதால், வெறுங்கையோடு யாராவது கிட்டே போனால் அவர் பட்டறையையே இரண்டாக்கிவிடுவார். மகனைப் பறிகொடுத்த ஒரு தாய் வந்து அழுதபோது மட்டும் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நல்லா அழுங்கம்மா. கொஞ்சம் தள்ளி நின்னு அழுங்க" என்றார். அதைச் சொல்லிச் சொல்லியே அவள் அவரை ஒரு வாரம் கிண்டல் செய்திருக்கிறாள்.

வீடு நிறைய ஆட்கள். எங்கே போகிறாய் என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று பின்வாசல் வழியாக வெளியேறினாள். வானம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது. மழை இறங்கினால் ஈரக்காற்றில் பூச்சு பிடிக்காது.

பட்டறையில் கொழுந்தன் காட்டிய இடத்தில் ஐந்து விரல்களும் பதிந்திருந்தன. சுண்டுவிரல் கொஞ்சம் விலகி, அப்படியே அவர் கை.

"விட்டுடலாம் அண்ணி. ஆளுங்களைத் தேடினப்போ மீட்புக்காரங்க போட்ட பெயின்ட் குறியெல்லாம் அழிக்காம விட்டிருக்கோமே. இது மட்டும் என்ன?"

"அது பாலத்தோட போனவங்க வீட்டுச் சாவு. இது நம்ம வீட்டுச் சாவு."

"யாருக்குத் தெரியப்போகுது?"

"உங்க அண்ணனுக்குத் தெரியும்."

அவன் வாளியில் தண்ணீர் எடுத்து வந்தான். அவள் கையுறையை மாட்டி, தூரிகையை நனைத்து, உள்ளங்கையிலிருந்து தேய்க்கத் தொடங்கினாள். சுண்டுவிரலை மட்டும் கடைசிக்கு விட்டாள். அங்கே வந்ததும் தூரிகை கொஞ்ச நேரம் நகரவே இல்லை. தகரக் கூரையில் முதல் தூறல் சடசடத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் தேய்த்தாள்.

வழிந்த நீரைக் கிண்ணத்தில் பிடித்து, உப்பிருந்தால் நிறம் மாறும் சோதனைத் தாளைக் கொழுந்தன் அதில் நனைத்தான். நிறம் மாறியது. மறுபடி கழுவினாள். இன்னும் கொஞ்சம் மாறியது. அவர் கை உப்பு இன்னும் போகாதது உள்ளூர அவளுக்கு ஆறுதலாக இருந்தது; அப்படி இருந்ததற்காகத் தன்மேலேயே கோபமும் வந்தது. மீண்டும் கழுவினாள்.

"சுத்தமாயிடுச்சு அண்ணி."

"இன்னொரு தடவை பாரு."

பார்த்தான். தாள் வெள்ளையாகவே இருந்தது.

ஈரக்காற்று நுழையாமல் கதவை அடைத்து, சூடான காற்றடித்து இரும்பை உலர்த்தினார்கள். பூச்சு டப்பாவைத் திறந்து அவனிடம் நீட்டினாள். பிறகு உத்திரத்தை விட்டு நன்றாகத் தள்ளிப் போய், சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பி நின்றுகொண்டாள்.