பீரோவுக்குக் காது கேட்கும்

"கையெழுத்தப் போட்டுட்டு வந்துரு. வாயத் தொறக்காத," என்றான் மாயவன், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே.

அம்சவள்ளி மகளுக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தாள். இழுத்த இழுப்பில் கவியாவின் தலை பின்னால் சாய்ந்தது.

"என்னன்னு போட? எம்புள்ள படிக்க லாயக்கில்ல, வூட்டுலயே வச்சிக்கிறேன்னா?"

"வாத்தியாரு சொன்னா சரியாத்தான் இருக்கும். பள்ளிக்கூடத்துக்குப் புதுசா ரெண்டு ரூம்பு வருது. கொத்து வேல எனக்குத்தான்னு சொல்லிருக்காரு."

"அந்த ரூம்புல யாரு பெத்த புள்ளைங்க ஒக்காரும்?"

மாயவன் கடைசிப் பொத்தானையும் போட்டான். அவன் அப்பன் பண்ணையில் கைகட்டி நின்றவர். மகன் கொத்தனார் கரணையைப் பிடித்துக் கையை அவிழ்த்துக்கொண்டான். ஆனாலும் தலைமையாசிரியர் நல்லதம்பியைக் கண்டால் கைகள் பழைய இடத்துக்கே போய்விடும்.

எட்டு வயதுக் கவியாவுக்குக் காது கேட்காது. போன வருஷம், 2004இல், அரியலூரில் நடந்த முகாமில் ஒரு கருவி கொடுத்தார்கள். கழுத்தில் தொங்கும் சின்ன டப்பா, காதுக்கு ஒயர். அதை மாட்டிவிட்டு, பின்னால் நின்று அம்சவள்ளி "கவியா" என்றாள். பிள்ளை திரும்பிப் பார்த்தது.

அந்த ஒரு திரும்பலோடு சரி. கருவி பள்ளியின் பேரில் வந்த அரசாங்கச் சொத்து. அதற்குப் பங்கம் வர விடுகிறவரா நல்லதம்பி? அன்றே பீரோவில் வைத்துப் பூட்டினார். அதிகாரிகள் வரும் நாளில் மட்டும் எடுத்து மாட்டி, "கேக்குதா?" என்பார். பெரியவர்களின் வாய் அசைந்து புருவம் உயர்ந்தால் தலையாட்ட வேண்டும் என்று கவியா பழகிவிட்டாள். எட்டு மாதமாக அந்தப் பள்ளியில் நன்றாகக் காது கேட்டது பீரோவுக்குத்தான்.

'கருவி கொடுத்தும் படிப்பு ஏறவில்லை. எனவே வீட்டுவழிக் கல்வி' என்று எழுதினார் நல்லதம்பி. அம்சவள்ளி மறுத்து மேலே மனுப் போட்டாள். காலனியிலிருந்து மனு போனது ஊருக்கு முதல் அதிசயம். அதற்குப் பதில் வந்தது இரண்டாவது. வட்டாரக் கல்வி அலுவலகத்திலிருந்து லீலாவதி மேடம் வந்திருந்தார். கூட்டத்தின் பெயர் சுமுகத் தீர்வுக் கூட்டம். தீர்வு ஏற்கெனவே தட்டச்சாகி வந்திருந்தது. சுமுகம் மட்டும் பாக்கி.

அறையில் நாற்காலி மூன்று. ஒன்றில் மேடம், ஒன்றில் நல்லதம்பி, ஒன்றில் மேடத்தின் கைப்பை. மற்றவர்கள் நின்றார்கள்.

"குழந்தைங்க தெய்வத்துக்குச் சமம் மேடம்," என்று தொடங்கினார் நல்லதம்பி. தெய்வத்தை அவர் கடைசி பெஞ்சில், கதவோரம் வைத்திருந்தார். "இந்தம்மா முன்னாடி ஒக்கார வைங்கங்குது. கேக்காத புள்ள எங்க ஒக்காந்தா என்ன?"

"மிசினக் குடுங்க சார். தெனமும் போட்டுப் பழகுனாத்தான பேச்சு புரியும்."

"ஒங்கிட்ட குடுத்துட்டு? ஒழுவுற கூரைக்கும் ஆட்டுப் புழுக்கைக்கும் நடுவுல எத்தன நாளு தாங்கும் அது? ஆடிட்டுக்கு ஆளு வந்தா ஒம் புருசனா பதில் சொல்லுவான்?"

மேடம் லேசாக இருமினார். "ரெண்டு பேரும் கொஞ்சம் விட்டுக்குடுங்க. வெள்ளிக்கிழமை மட்டும் புள்ளைய கூட்டிட்டு வாங்கம்மா, சார் அரை மணி நேரம் மாட்டி விடுவாரு. மத்த நாள் வீட்ல இருக்கட்டும். இங்க ஒரு கையெழுத்து."

"மாட்டிக் காட்டச் சொல்லுங்க மேடம். பாத்துட்டுப் போடுறேன்."

பீரோ திறந்தது. பிளாஸ்டிக் உறைக்குள் கருவி, ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டோடு இருந்தது. நல்லதம்பி அதைக் கவியாவுக்கு மாட்டி, குனிந்து, "கேக்குதா கண்ணு?" என்றார்.

கவியா தலையாட்டினாள்.

"பாத்தீங்கள்ல மேடம்." மேடம் பேனாவை நீட்டினார்.

அம்சவள்ளி பேனாவை வாங்கவில்லை. டப்பாவின் மூடியை நகத்தால் நெம்பினாள். உள்ளே செல் இல்லை.

சுவர்க் கடிகாரம் மட்டும் தன் கடமையைச் செய்துகொண்டிருந்தது.

"அந்தக் கடியாரம் தொங்குற ஆணி நான் அடிச்சதுங்க," என்றான் மாயவன். கைகள் கட்டியபடியே இருந்தன. வாய்தான் அவிழ்ந்திருந்தது. "கடியாரத்துக்குச் செல் இல்லன்னு, சார் பீரோவத் தொறந்துதான் எடுத்துப் போட்டாரு."

அம்சவள்ளி கைப்பையை எடுத்து மேசைமேல் மரியாதையாக வைத்தாள். அந்த நாற்காலியில் ஏறினாள். கடிகாரம் பதினொன்று இருபதில் நின்றது. இறங்கி, செல்லை டப்பாவில் போட்டுத் திருகைத் திருப்பினாள்.

நல்லதம்பிக்கு அப்போதுதான் குரல் வந்தது. "ஆபீஸ் நாற்காலியில ஏறுற அளவுக்கு வந்துட்டீங்களாடி?"

கவியா துள்ளி விழுந்து இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

"இப்பதான் சார் கேக்குது," என்றாள் அம்சவள்ளி.

கையெழுத்துப் போடாமல், பிள்ளையைக் கருவியோடு கூட்டிப்போய் முதல் பெஞ்சில் உட்கார வைத்தாள். எழுப்பிவிட யாரும் வரவில்லை. மனு எழுதத் தெரிந்த காலனிக்காரியாயிற்றே.

கூட்டம் 11.20க்குச் சுமுகமாக முடிந்ததாக மேடம் சுவரைப் பார்த்து எழுதிக்கொண்டார். கொத்து வேலை வேறொருவனுக்குப் போனது. கவியாவின் கருவிக்குச் செல் கேட்டுப் போட்ட மனு பரிசீலனையில் இருக்கிறது. அதுவரை மாயவன் ஜெயங்கொண்டத்தில் வாங்கி வருகிறான்.

கடிகாரத்துக்குப் புதுச் செல் மூன்றாம் நாளே வந்துவிட்டது.