மைனஸ் மூன்றைப் போட்டுப் பார்த்த நாள்

நான் அச்சகத்தில் புரூஃப் பார்க்கிறவள். என் நாத்தனார் கையெழுத்துப் பிரதியைச் சத்தமாக வாசிப்பாள். நான் அச்சுத்தாளில் விரல் வைத்துக்கொண்டே போவேன். கமா, அடைப்புக்குறி எல்லாவற்றையும் வாயால் சொல்லித்தான் வாசிக்க வேண்டும். பெயர் தெரியாத குறி வந்தால் நாங்களே ஒரு பெயர் வைத்துவிடுவோம்.

பிரதியில் இருப்பதை மாற்றக் கூடாது. எல்லோருக்குமான சட்டம்தான் என்றாலும் எனக்கு மட்டும் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லப்பட்டது. போன வருடம் ஒரு கால்நடை மருத்துவர், மாட்டின் இரைப்பைக்கு நான்கு அறைகள் என்று எழுதியிருந்தார். இது வயிறா, வாடகை வீடா என்று சிரித்துவிட்டு நான் அதை ஒன்றாக்கிவிட்டேன். நான்குதான் சரியாம். அச்சடித்த அத்தனையும் பழைய பேப்பர் கடைக்குப் போயிற்று. இன்னொரு தடவை மூளையை உபயோகிப்பதாக இருந்தால் அதை வீட்டிலேயே உபயோகித்துக்கொள்ளலாம் என்றார் முதலாளி. எனக்கு இந்த வேலை வேண்டும். வீட்டில் சும்மா உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும்.

அன்று வந்தது பள்ளிக்கூடத்துக் கணக்கு விடைப் புத்தகம். மதியம் ஒரு மணிக்கு மெஷினில் ஏற வேண்டும்.

"சுவர், எக்ஸ் கழித்தல் அஞ்சு, சுவர், சமம் மூணு. விடை எட்டு, ரெண்டு" என்று வாசித்தாள் நாத்தனார். இரண்டு பக்கமும் செங்குத்தாக நிற்கும் கோடுகளுக்கு நாங்கள் வைத்த பெயர்தான் சுவர்.

ஒரு கணக்குக்கு எப்படி இரண்டு விடை? நான் படித்தபோது ஒரு விடைக்கே வழியில்லை. பாடத்தின் முதல் பக்கத்தைப் புரட்டினேன். தனி மதிப்பு என்று போட்டிருந்தது. சுவருக்குள் எந்த எண் இருந்தாலும், வெளியே வரும்போது மைனஸைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் வர வேண்டுமாம். எட்டில் ஐந்து போனால் மூன்று. இரண்டில் ஐந்து போனால் மைனஸ் மூன்று. வெளியே வந்தால் அதுவும் மூன்று. அதாவது ஐந்திலிருந்து மூன்று தள்ளி, இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. அட, இவ்வளவுதானா என்று இருந்தது.

அதற்குப் பிறகு சும்மா விரல் வைத்துப் போக முடியவில்லை. ஒவ்வொரு விடையையும் உள்ளே போட்டுப் பார்த்தேன். விரல் தூங்குகிறதா என்று நாத்தனார் இரண்டு முறை கேட்டுவிட்டாள்.

பதினேழாவது கணக்கில் மாட்டிக்கொண்டேன். சுவர், எக்ஸ் கழித்தல் மூன்று, சுவர், சமம் இரண்டு எக்ஸ். விடை ஒன்று, மைனஸ் மூன்று. ஒன்றைப் போட்டேன். உள்ளே மைனஸ் இரண்டு, வெளியே இரண்டு. அந்தப் பக்கமும் இரண்டு. சரி. மைனஸ் மூன்றைப் போட்டேன். உள்ளே மைனஸ் ஆறு, வெளியே ஆறு. அந்தப் பக்கம் மைனஸ் ஆறு. சுவரைத் தாண்டி வந்தது எப்படி மைனஸுக்குச் சமமாகும்? நாத்தனாரையும் போட்டுப் பார்க்கச் சொன்னேன். அவளுக்கும் அதேதான் வந்தது.

"பிரதியில இருக்குல்ல, விட்டுருங்க அண்ணி. மாட்டு வயித்த மறந்துட்டீங்களா?" என்றாள்.

மறக்கவில்லை. பயமாகத்தான் இருந்தது. ஆனால் மாட்டின் வயிற்றை நான் திறந்து பார்க்கவில்லை. இதைத் திறந்து பார்த்துவிட்டேன்.

மாற்றாமல், புத்தகம் எழுதிய கணக்கு வாத்தியாருக்குப் போன் செய்தேன். பள்ளிக்கு அன்று விடுமுறை, வீட்டில்தான் இருந்தார். சுவரை எடுத்தால் இரண்டு வழி, இரண்டு வழிக்கும் இரண்டு விடை, எல்லாம் முறைப்படி போட்டதுதான் என்றார். அச்சகத்துக்காரர்கள் எழுத்துப் பிழையைப் பார்த்தால் போதும், முதலாளியிடம் போனைக் கொடு என்றார். முதலாளி அதற்குள் என் மேஜை அருகே வந்து நின்றிருந்தார்.

"மைனஸ் மூணப் போட்டுப் பாத்தீங்களா சார்?" என்றேன்.

வாத்தியார் பக்கம் தாளில் பேனா உரசுகிற சத்தம் கேட்டது. பிறகு போனை வைத்துவிட்டார். முதலாளி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தன் அறைக்குப் போனார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. நான் சாப்பாட்டு டப்பாவை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

பன்னிரண்டரைக்கு வாத்தியார் நேரிலேயே வந்துவிட்டார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பிரதியை வாங்கித் தன் பேனாவாலேயே மைனஸ் மூன்றை அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். முதலாளி அதைப் பார்த்துவிட்டு, பிரதியில் இருப்பதுபோலவே போடுங்கள் என்று வழக்கம்போல என்னிடம் சொன்னார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

வேலை முடிந்தும் வாத்தியார் கிளம்பவில்லை. நாத்தனாரின் ஸ்டூலில் உட்கார்ந்து அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போன வருஷம் பரீட்சையில இதே கணக்குக்கு ஒரு பொண்ணு ஒன்னு மட்டும் விடையா எழுதியிருந்தா. மார்க்கக் குறைச்சேன். பேப்பரத் தூக்கிட்டு வந்து ஒரு கேள்வி கேட்டா. எதுத்துப் பேசுறான்னு வகுப்புக்கு வெளியே நிக்க வச்சேன்" என்றார்.

அப்படி என்ன கேட்டாள் என்றாள் நாத்தனார்.

வாத்தியார் என்னைப் பார்த்தார்.

"இவங்க கேட்டதத்தான்" என்றார்.