அறுபதாம் விருந்தில் ஒரு சிரிப்பு

அஃபனாசி ஹெகாய் கோப்பையை ஏந்திக்கொண்டு எழுந்ததும், தாஷ்கண்ட் உணவகத்தில் யாரோ பாட்டுச் சத்தத்தைக் குறைத்தார்கள். அவருக்கு அறுபது நிறைந்த விருந்து. முன்மேசையில் மகள் ரிம்மாவுக்குப் பக்கத்தில், சியோலிலிருந்து வந்திருக்கும் அவளுடைய மேலாளர் சோங். ஊர் ஊராய் நிலம் குத்தகைக்கு எடுத்து வெங்காயம் போட்டுப் பிழைத்த மனுஷருக்கு, கொரியாக்காரர் ஒருவர் தன் விருந்துக்கு வந்ததில் தலைகால் புரியவில்லை. ஒரு வாரமாகக் கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்த்திருந்தார்.

"தூரந்தொலைவுலருந்து வந்திருக்கீங்கோ. நம்ம வூட்டுச் சோறுதானுங்க. கூச்சப்படாம உண்ணுங்கோ" என்றார் கொரிய மொழியில்.

அந்தக் காலத்தில் ரஷ்யாவின் கிழக்கு எல்லையிலிருந்து ரயிலேற்றி இங்கே கொண்டுவந்து தள்ளப்பட்ட கொரியர்களின் பேச்சு அது. ரிம்மாவும் ஆறு வயது வரை அதைத்தான் பேசினாள். பள்ளிக்கூடம் போனதும் ரஷ்ய மொழி அதைத் தின்றுவிட்டது. இப்போது அவள் பேசும் கொரிய மொழி வகுப்புக்குப் போய், சான்றிதழ் வாங்கி, சியோல்காரர்கள் முகம் சுளிக்காதபடி தேய்த்துத் தேய்த்துப் பழகியது. அதுதான் அவளுக்குச் சோறு போடுகிறது.

சோங் அவள் காதருகே குனிந்தார். "என்னங்க உங்கப்பா, பழைய சினிமாவுல வர்ற பட்டிக்காட்டான் மாதிரியே பேசுறாரு!"

ரிம்மா சிரித்துத் தொலைத்தாள். அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. "மன்னிச்சுக்குங்க சார், அந்தக் காலத்து ஆளுங்க அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு, அப்பா பேசியதை வரிக்கு வரி சியோல்காரர் பேச்சில் திருப்பிச் சொன்னாள். கொரிய மொழியையே கொரிய மொழியில் பெயர்த்தாள், பாவி. நிமிர்ந்தபோது அப்பா பேச்சை நிறுத்திவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் அவர் காதில் விழுந்திருந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு.

"அய்யோ, நீங்க பேசுங்கப்பா" என்றாள். அதுவும் ரஷ்ய மொழியில்தான் வந்தது.

"இல்ல கண்ணு." அவரும் ரஷ்ய மொழிக்கு மாறினார். குரலில் கோபம் துளிகூட இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "என் பேச்சு அவருக்குப் புரியல போல. நான் இப்படியே சொல்றேன், நீ எடுத்துச் சொல்லு. எங்க குடும்பத்துலயே கொரிய மொழி ஒழுங்காப் பேசுறது என் பொண்ணு ஒருத்திதான். எனக்கு அதுல ரொம்பப் பெருமைன்னு அவர்கிட்ட சொல்லு."

அத்தனை மேசைகளிலும் கோப்பைகள் உயர்ந்து நின்றன.

"என்ன சொல்றாரு?" என்றார் சோங், சிரித்த முகத்தோடு.

ரிம்மா எழுந்து நின்றாள். அவள் சொல்லி முடிப்பதற்காக அப்பா கோப்பையைப் பிடித்தபடியே காத்திருந்தார். அவர் கவனிக்காமலே கோப்பை சாய்ந்து, வோட்கா விரல்வழியே வழிந்து மேசைவிரிப்பில் சொட்டிக்கொண்டிருந்தது.