இரண்டாவது டப்பா

எடை பார்க்கும் மெஷின் நூற்றி நாலு காட்டியது. மேலக்கா இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு மறுபடி ஏறினாள். நூற்றி மூணரை. "ஷூவையும் கழட்டிப் பார்க்கட்டுமா?" என்று கேட்டாள்.

"அக்கா, மேல ஏறும்போது ஷூ போட்டுக்கிட்டுத்தானே ஏறுறீங்க?" என்றார் சேஃப்டி ஆபீசர். ஆளுக்கு வயது முப்பதுகூட இருக்காது. சட்டம் பேச ஆரம்பித்தால் மட்டும் எழுபது வயது வந்துவிடும்.

மேலக்கா கட்டட வேலை நடக்கும் இடத்தில் கிரேன் ஓட்டுபவள். லாரியில் இருக்கும் சின்னக் கிரேன் இல்லை. பதினைந்து மாடி உயரத்துக்கு ஒற்றைத் தூணாக நிற்குமே, அந்தக் கிரேன். அதன் உச்சியில் ஒரு கண்ணாடி அறை, நாலடிக்கு நாலடி. காலையில் ஏணியில் ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவாள். நாள் முழுக்க மேலேயே இருப்பதால் மேலக்கா. பெற்றவர்கள் வைத்த பெயரைச் சம்பளம் போடுகிற இடத்தில் மட்டும் பார்க்கலாம்.

மேலே யாருக்காவது மயக்கம் வந்தால் ஒரு பெல்ட்டை மாட்டிக் கயிற்றில் கீழே இறக்குவார்கள். அந்த பெல்ட் தாங்குவது நூறு கிலோ. "மூணு மாசம் டைம் தர்றேன். நூறுக்குக் கீழ வந்தா மேல. இல்லன்னா ஸ்டோர்ல உட்கார்ந்து ஆணி எண்ணுங்க" என்றார் ஆபீசர். விளையாட்டாகச் சொல்லவில்லை.

மேலக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஸ்டோர் வேலை கேவலம் என்பதால் இல்லை. அவளுடைய கணவர் பதினொரு வருடம் அந்தக் கிரேனுக்குக் கீழே நின்றவர். தூக்கு, இறக்கு, இடது பக்கம், நிறுத்து என்று வாக்கிடாக்கியில் சொல்கிற சிக்னல்காரர். மேலே அவள், கீழே அவர். வேலை நேரம் முழுக்க அவர் குரல் அவள் காதுக்குள்ளேயே இருந்தது. எட்டு மாதத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தூங்கப் போனவர் எழுந்திருக்கவே இல்லை. அவர் இருந்த இடம் என்று அவளுக்கு மிச்சம் இருந்தது அந்தக் கண்ணாடி அறைதான். அதையும் பிடுங்கிக்கொண்டால் என்ன செய்வாள்?

எடை ஏன் ஏறியது என்று அவளுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். தினமும் விடிகாலையில் எழுந்து இரண்டு டப்பா சாப்பாடு கட்டினாள். ஒன்று அவளுக்கு, இன்னொன்று அவருக்கு. பதினொரு வருடப் பழக்கம், கை தானாகக் கட்டியது. ஆள் இல்லை என்று கைக்குச் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. கட்டியதைக் கொட்டவும் மனசு வரவில்லை. பத்து மணிக்கு அவர் டப்பாவைத் திறப்பாள், ஒரு மணிக்குத் தன்னுடையதை. அதுவும் போதாமல் சீட்டுக்கு அடியில் பிஸ்கட் பாக்கெட்டுகள். இந்த எட்டு மாதத்தில் இருபத்திரண்டு கிலோ.

வீட்டில் ஒரு மகள். வயது இருபத்து நாலு, மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை. அவர் போன புதிதில் ஒரு நாள், "யாருக்கும்மா ரெண்டு டப்பா?" என்று கேட்டுவிட்டாள். மேலக்கா கொஞ்சமும் யோசிக்காமல், "அப்பா இடத்துக்குப் புதுசா ஒரு தம்பி வந்திருக்கான். தனிக்கட்டை. சமைச்சுப் போட யாரும் இல்ல" என்று சொல்லிவிட்டாள். பொய் சொல்லிப் பழக்கம் இல்லாதவள் சொல்கிற பொய்க்குத்தான் பலம் அதிகம். மகள் அதற்கப்புறம் கேட்கவே இல்லை.

அந்தத் தம்பி நிஜமாகவே இருந்தான். அவனை எல்லோரும் சிக்கனம் என்றுதான் கூப்பிடுவார்கள், வார்த்தையை அவ்வளவு பார்த்துச் செலவழிப்பான். தூக்கு, நிறுத்து, சரி. இந்த மூன்றிலேயே நாளை ஓட்டிவிடுவான். அவனுக்கு மேலக்கா ஒரு பருக்கைகூடக் கொடுத்ததில்லை.

முதல் இரண்டு வாரம் மேலக்கா வாயைக் கட்டிப் பார்த்தாள். காலையில் பட்டினி, பத்து மணிக்குப் பேய்த் தீனி. மெஷினில் ஒரு கிலோ கூடியிருந்தது. சைட்டில் காயத்துக்குக் கட்டுப் போடுகிற நர்ஸ், "அக்கா, உங்களுக்கு வயிறு பிரச்சினை இல்ல, மனசு பிரச்சினை" என்று சொல்லி ஓர் இடத்துக்கு அனுப்பினாள். நூலகத்துக்குப் பின்னால் ஓர் அறை. வாரத்தில் இரண்டு சாயங்காலம் பத்துப் பதினைந்து பேர் வந்து கண்ணை மூடி ஒரு மணி நேரம் சும்மா உட்காருவார்கள். பாட்டு இல்லை, படம் இல்லை, பேச்சும் இல்லை. சாவி வைத்திருப்பவள் செருப்புக் கடையில் வேலை பார்க்கிறவள், மேலக்காவைவிடப் பத்து வயது சின்னவள்.

"என்ன பண்ணணும்?" என்று மேலக்கா கேட்டாள்.

"ஒண்ணும் பண்ண வேணாம். என்ன வருதோ அதைப் பாருங்க. விரட்டவும் வேணாம், உபசரிக்கவும் வேணாம்."

உட்கார்ந்த பத்தாவது நிமிடம் மேலக்காவின் வயிறு இரைந்தது. லேசாக இல்லை, அறை முழுக்கக் கேட்டது. இரண்டு பேர் சிரிப்பை அடக்க மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். முடிந்து வெளியே வந்ததும், "எனக்கெல்லாம் இது சரிப்பட்டு வராதுங்க. கண்ணை மூடினாலே பசிதான் வருது" என்றாள் மேலக்கா.

செருப்புக் கடைக்காரி ஷட்டரை இழுத்துக்கொண்டே, "நல்லதுதானே. யாருக்குப் பசிக்குதுன்னு பாருங்க" என்றாள்.

இது என்ன கிறுக்குத்தனமான கேள்வி? எனக்குத்தான் பசிக்கிறது, வேறு யாருக்கு? பஸ்ஸில் வழி முழுக்க மேலக்கா அவளைத் திட்டிக்கொண்டே வந்தாள். ஆனாலும் அந்தக் கேள்வி செருப்பில் மாட்டிய கல் மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது.

கிரேன் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு கட்டாயப் பழக்கம் உண்டு. எந்தச் சுமையையும் ஒரேயடியாகத் தூக்கக் கூடாது. தரையிலிருந்து ஒரு சாண் எழுப்பி அப்படியே நிறுத்த வேண்டும். ஆடுகிறதா, ஒரு பக்கம் சாய்கிறதா, கட்டு நழுவுகிறதா என்று பார்க்க வேண்டும். சரியாக இருந்தால் தூக்கலாம், இல்லாவிட்டால் இறக்கிவிட வேண்டும். பதினெட்டு வருடத்தில் ஒரு நாள்கூட மேலக்கா இதைத் தவறவிட்டதில்லை.

மறுநாள் பத்து மணிக்குக் கை டப்பாவைத் திறந்தது. முதல் கவளம் மேலே எழும்பியது. பாதி வழியில், எதற்கு என்று தெரியாமலே, நிறுத்தினாள். கம்பிக் கட்டு ஒன்றை அந்தரத்தில் நிறுத்துகிற மாதிரி அப்படியே நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

வயிற்றில் பசி இல்லை. அதுதான் முதல் ஆச்சரியம். காலையில் சாப்பிட்டது அங்கேயே கனமாக இருந்தது. அப்புறம் எங்கே? தொண்டையில் ஏதோ அடைத்தது. இன்னும் கொஞ்சம் பார்த்தாள். தொண்டையிலும் இல்லை, காதில். வலது காதில், வாக்கிடாக்கி மாட்டுகிற பக்கம். காது எதற்கோ காத்துக்கொண்டிருந்தது.

"சாப்டியா?"

பதினொரு வருடம் தினமும் பத்து மணிக்கு அவர் கேட்டது. சைட்டே கேட்கிற சானலில், வெட்கம் மானம் இல்லாமல் கேட்பார். கம்பி கட்டுகிறவர்கள் விசில் அடிப்பார்கள். "இன்னும் இல்ல, நீங்க?" என்பாள் இவள். "நீ தொடங்கு, நானும் தொடங்குறேன்" என்பார். மேலே ஒரு டப்பா திறக்கும், கீழே ஒன்று திறக்கும். எட்டு மாதமாக யாரும் கேட்காத அந்தக் கேள்விக்கு இவள் தின்று தின்று பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். பசி அவருக்கு. வாய்தான் இவளுடையது.

மேலக்கா கவளத்தை டப்பாவிலேயே போட்டுவிட்டு அழுதாள். சாவு வீட்டில்கூட அப்படி அழவில்லை. அன்றைக்கு வந்தவர்களுக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா, லோடு நிக்குது" என்றான் சிக்கனம், காதுக்குள்.

"நிக்கட்டும். பாத்துட்டு இருக்கேன்."

"சரி."

அன்றோடு எல்லாம் தீர்ந்தது என்று சொன்னால் அது கட்டுக்கதை. அடுத்த வாரமே காற்று பலமாக அடித்து வேலையை நிறுத்திவைத்த ஒரு மத்தியானம், இரண்டு டப்பாவையும் மூன்று பாக்கெட் பிஸ்கட்டையும் ஒன்றுவிடாமல் உள்ளே தள்ளினாள். பிறகு தன்னைத் தானே கண்டபடி ஏசிக்கொண்டாள். அந்த ஏச்சையும் ஒரு சாண் தூக்கி நிறுத்திப் பார்த்தபோது, அதுவும் இன்னொரு பாக்கெட் கேட்டது. அதற்கப்புறம் ஏசுவதை விட்டுவிட்டாள்.

பத்து மணி வரும். காது காத்திருக்கும். துக்கம் எழும்பும். அதை விரட்டாமல், அதற்குச் சோறும் போடாமல் பார்த்துக்கொண்டிருப்பாள். சில நாள் ஐந்து நிமிடத்தில் இறங்கிவிடும், சில நாள் அரை மணி நேரம் ஆட்டி எடுத்துவிடும். இறங்கியபின் உள்ளே ஓர் இடம் காலியாக, சுத்தமாக இருக்கும். அந்த இடத்தில் அவர் இல்லை என்பதும் தெரியும், தான் இருக்கிறோம் என்பதும் தெரியும். இதற்குக் கடவுள் என்று பேர் வைப்பதா, வேறு என்ன சொல்வது என்று மேலக்காவுக்குத் தெரியவில்லை. நூலகத்துக்குப் பின்னால் உட்கார்ந்தவர்கள் யாரும் அதற்குப் பேர் வைக்கச் சொல்லவில்லை.

இரண்டாவது மாதக் கடைசியில் ஒரு காலையில் ஒரே ஒரு டப்பா கட்டினாள். மகள் படுத்தபடியே பார்த்தாள்.

மூன்று மாதம் முடிந்த அன்று மெஷின் தொண்ணூற்றி ஏழு காட்டியது, ஷூவும் ஹெல்மெட்டும் சேர்த்து. சேஃப்டி ஆபீசர் இரண்டு முறை குனிந்து பார்த்துவிட்டு, "அக்கா, அசத்திட்டீங்க" என்று கையெழுத்துப் போட்டார். கண்ணாடி அறை அவளுடையதுதான். மேலக்கா வீட்டுக்கு வந்த நடையில் ஒரு துள்ளல் இருந்தது.

மகள் சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்தாள். அன்று அவளுக்கு லீவு. எதிரே ஒரு தட்டில் ரொட்டி, பக்கத்தில் மூடிய ஒரு துணிப்பை.

"நூறுக்குக் கீழ வந்துட்டேன்டி!" என்றாள் மேலக்கா.

"சந்தோஷம்மா." குரலில் சந்தோஷம் இல்லை. "இன்னைக்கு உன் சைட்டுக்குப் போயிருந்தேன். ஒரு மாசமா நீ அந்த அண்ணனுக்குச் சாப்பாடு கொண்டு போகலையே, பாவம் என்ன பண்றாரோன்னு நானே சமைச்சு எடுத்துட்டுப் போனேன்."

மேலக்கா தோள்பையை இறக்கித் தரையில் வைத்தாள்.

"கேட்ல வச்சுக் கொடுத்தேன். 'எனக்கா? ஏன்? உங்க அம்மா எனக்கு ஒரு நாள்கூடச் சாப்பாடு கொடுத்ததில்லையே. எனக்குப் பொண்டாட்டி, ரெண்டு பிள்ளைங்க இருக்காங்க'ன்னாரு. எனக்கு மானமே போயிடுச்சு. அப்படியே திரும்ப எடுத்துட்டு வந்துட்டேன்."

சிக்கனம் அவ்வளவு நீளமாகப் பேசியதை மேலக்கா கேட்டதே இல்லை. உட்கார்ந்தாள். மறைக்க ஒன்றும் இல்லை என்று எல்லாவற்றையும் சொன்னாள். அப்பாவின் டப்பா, பத்து மணி, காதில் கேட்டது, நிறுத்திப் பார்த்தது, தன்னையே தான் கவனிக்கக் கற்றுக்கொண்டது. சொல்லச் சொல்ல அவளுக்கே கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மகள் குறுக்கே பேசாமல் கேட்டாள். முடிந்ததும், "ஏம்மா, எனக்கு மத்தியானச் சாப்பாடு கட்டினது யாரு?" என்று கேட்டாள்.

"அப்பா. நான் முன்னாடியே கிளம்பிடுவேன், அவர்தானே உனக்குக் கட்டிட்டு வருவாரு."

"சரி. அப்பா போனதுக்கப்புறம்?"

அது அவர் பார்த்துக்கொள்கிற வேலை என்று மேலக்கா மனசில் எழுதிவைத்திருந்தாள். எழுதியது அப்படியே இருந்தது, அவர்தான் இல்லை.

"தினம் காலையில நீ டப்பா மூடுற சத்தம் கேட்டுக்கிட்டுப் படுத்திருப்பேன்" என்றாள் மகள். "ஒண்ணு. ரெண்டு. மூணாவது கேக்குதான்னு பார்ப்பேன். நீ கதவைச் சாத்திட்டுப் போயிடுவே."

"நீ ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"அந்த அண்ணனுக்கு யாரும் இல்லன்னு சொன்னே. எனக்குத்தான் நீ இருக்கியேன்னு விட்டுட்டேன்."

"நீயே ஏதாவது கட்டிக்குவேன்னு..." என்று ஆரம்பித்த மேலக்கா, மகளின் மணிக்கட்டைப் பார்த்தாள். வாட்ச் முழங்கை வரை ஏறி இறங்குகிற மாதிரி இளைத்திருந்தது. பதினைந்து மாடி உயரத்திலிருந்து தரையில் கிடக்கும் ஆணியைப் பார்க்கிற கண், மேசைக்கு எதிரே இருந்ததைப் பார்க்கவில்லை. "மத்தியானம் என்னதான் பண்ணினே?" என்று கேட்டாள்.

"டீ குடிப்பேன். கட்டத் தெரியாம இல்ல. நானே கட்டிக்கிட்டா, இனிமே யாரும் கட்டித் தர மாட்டாங்கன்னு ஆயிடும்ல." மகளின் உதடு கோணியது. "எனக்குப் பசிச்சுதும்மா."

தட்டில் ரொட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. மேலக்காவின் விரல்கள் அதன் பக்கம் நகர்ந்தன. அவள் அதைப் பார்த்தாள், விரல்கள் நின்றன. மகள் சொன்ன அந்த வார்த்தையை விழுங்கிவிட எதையும் துணைக்குத் தேடாமல், உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்து, முழுசாகக் கேட்டுக்கொண்டாள்.