மருந்துகள்: இல்லை

மச்சினியின் ரத்தம் இரண்டாம் முறையும் பதில் சொல்லவில்லை. 'குழந்தையின் மரபணுப் பங்கு போதவில்லை. முடிவு இல்லை' என்றது அறிக்கை.

ஆய்வுக்கூடத்தில் ரத்த மாதிரிகளை எடுத்துப் பதிவு செய்வது அவன் வேலை. தாயின் ரத்தத்தில் வயிற்றிலிருக்கும் குழந்தையின் மரபணுவும் கொஞ்சம் மிதக்கும். அதைக் கொண்டுதான் கோளாறு உண்டா என்று கணிப்பார்கள். பங்கு குறைந்தால், குழந்தையின் கோளாறும் காரணமாகலாம், தாயின் உடம்பும் காரணமாகலாம். தாயின் எடை கூடினால் பங்கு குறையும். இவளோ துரும்பு. பிறகு ஏன்? மனைவி இறந்த எட்டு மாதத்தில் அவனுக்குள் தானாக எழுந்த முதல் கேள்வி அது.

மச்சினி தன் கையாலேயே நிரப்பிய படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டான். 'மருந்துகள்' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று மட்டும் அழுத்தி எழுதியிருந்தாள்.

மூன்றாம் முறை ரத்தம் கொடுக்க வந்தவள் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள். கண் மட்டும் சிரிக்கவில்லை.

"என்ன மாமா, இப்பவே ஒளிஞ்சு விளையாடுது. வெளியே வந்தா என்ன பாடு படுத்துமோ!"

"உன்னை மாதிரிதானே இருக்கும், வாலு. ஏதாவது மருந்து எடுக்கறியா?"

"சத்து மாத்திரைதான்."

"வேற?"

நகத்தைப் பார்த்தாள். "ஒரு ஊசி. தினமும் வயித்துல போட்டுக்கறேன். ரத்தம் கட்டாம இருக்க. அக்காவுக்கு அப்படி ஆனதால எனக்கும் போடச் சொன்னாங்க."

"ஏன் எழுதல?"

"படிக்கப்போறது நீங்கதானே மாமா."

அந்த மருந்தின் பெயரெழுதிய சீட்டோடு மனைவிக்காக அவன் ஒருமுறை ஓடியிருக்கிறான். திரும்பி வருவதற்குள் படுக்கையைச் சுற்றித் திரை போட்டிருந்தார்கள்.

"இந்த ஊசியாலயும் பங்கு குறையலாம்."

"அப்போ பிள்ளைக்கு ஒண்ணுமில்லையா?"

"தெரியல."

மருத்துவரைத் தொலைபேசியில் கேட்டான். ஊசியை நிறுத்தவே கூடாது. அடுத்த ஊசிக்குச் சற்று முன்னால் ரத்தம் எடுத்துப் பாருங்கள் என்றார்.

"இன்னைக்குப் போட்டாச்சா?"

"இனிமேதான். பையில இருக்கு."

கையை நீட்டினாள். இந்த முறை அவள் ஊசியைப் பார்க்கவில்லை, அவன் முகத்தையே பார்த்தாள்.

'இல்லை'யை ஒரு கோட்டால் அடித்துவிட்டு, மருந்தின் பெயரை எழுத்துப் பிசகாமல் எழுதினான். பிறகு ரத்தக் குழாயை வழக்கம்போல எட்டு முறை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்தினான். உடனே தாங்கியில் வைக்க வேண்டும். வைக்காமல் ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தான். ஒரே சிவப்பு. எது தாய், எது பிள்ளை? குழாய் இன்னும் சூடாக இருந்தது.