வாயால் சொல்லாத பெயர்

பாய்சூன் மலைப்பக்கம் நோர்முராத் என்ற பெயருக்குப் பஞ்சமே இருந்ததில்லை. பாட்டுக்காரர்கள் தம்புரா மீட்டிப் பாடுகிற கதையில் ஏழு தலைப் பாம்பை வெட்டிய வீரன் ஒரு நோர்முராத். அவன் நெற்றியில் சிவப்பு மச்சம், கோபம் வந்தால் அது தணலாக எரியுமாம். பெண்கள் பிள்ளை வரம் கேட்டுத் துணி முடிகிற சமாதிக்குள் படுத்திருக்கும் மகான் ஒரு நோர்முராத். கல்யாண வீடுகளில் மல்லுக்கு இறங்கி, ஜெயித்த ஒட்டகத்தை வீட்டுக்கு ஓட்டிவராமல் அங்கேயே அறுத்து விருந்து வைத்த பயில்வான் ஒரு நோர்முராத். இவர்களில் யார் வாழ்ந்தவர், யார் கதையில் வந்தவர் என்று கேட்டால் அங்கே அடிதடிதான் நடக்கும். கேட்காமல் இருப்பது நல்லது.

ஏன் இத்தனை பேருக்கு ஒரே பெயர் என்று வெளியூர்க்காரன்தான் கேட்பான். உடம்பில் சிவப்பு மச்சத்தோடு பிள்ளை பிறந்தால் ‘நோர்’ என்று தொடங்கும் பெயரைத்தான் வைக்க வேண்டும். மாதுளைச் சிவப்புக்கு அங்கே அதுதான் சொல். வைக்காவிட்டால் மச்சம் வளர்ந்து பிள்ளையையே தின்றுவிடும் என்று பயம். மச்சமில்லாத நோர்முராத்தை அந்த மலையில் எவனும் கண்டதில்லை, கொம்பில்லாத கிடாயைக் கண்டவன்கூட இருப்பான்.

செங்கொடிக்காரர்கள் ஆட்சி வந்து சில வருடங்கள் கழித்து, இன்னொரு நோர்முராத் புகழ் பெற்றான். தானியத்தைப் பிடுங்க வந்த அரசாங்க ஆட்களைச் சுட்டுவிட்டு, கணவாய் தாண்டி எங்கோ மறைந்துவிட்டான். அவனைப் பற்றியும் பாட்டுக் கட்ட ஆரம்பித்திருந்தார்கள். பாட்டுக் கட்டியவர்களுக்கு என்ன, பாடிவிட்டுப் போய்விடுவார்கள். அந்தப் பெயரோடு ஊரில் இருப்பவன்தானே மாட்டிக்கொள்வான்?

கும்ரியின் புருஷன் பெயர் நோர்முராத். அவனுடைய பெரியப்பா மகன், கிராமக் கமிட்டித் தலைவர், அவர் பெயரும் நோர்முராத். புருஷனுக்கு மச்சம் முதுகில், தலைவருக்குப் பிடரியில். இரண்டு பெயரையும் கும்ரி வாயால் சொன்னதே கிடையாது. அந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த எந்தப் பெண்ணும் புருஷன் பெயரையோ புருஷன் வழிப் பெரியவர்கள் பெயரையோ சொல்ல மாட்டாள். சொன்னால் அந்த ஆணின் ஆயுள் குறையும். கும்ரிக்குப் புருஷன் ‘வீட்டுக்காரர்’. தலைவர், அவர் ஏறும் குதிரையை வைத்து, ‘வெள்ளைக்குதிரை அத்தான்’.

அன்று காலை கும்ரியும் தலைவரின் மனைவி பீபிசாராவும் அடுப்பில் ரொட்டி ஒட்டிக்கொண்டிருந்தார்கள். களிமண் அடுப்பு இரண்டு வீட்டுக்கும் பொது. கும்ரிக்குத் தலைப்பிரசவத்தில் பால் வராதபோது, தன் பிள்ளையோடு சேர்த்து அவள் பிள்ளைக்கும் பால் கொடுத்தவள் பீபிசாரா. மந்தைகள் மேல்புல்வெளியில் இருந்தன. ஊரில் பிறந்த ஆண்கள், பெண்பிள்ளைகள், ஓடித் திரிகிற வயசுப் பிள்ளைகள் எல்லாம் மந்தையோடு போயிருந்தார்கள். கீழே மிச்சமிருந்தது வாழ்க்கைப்பட்டு வந்த பெண்கள், கைக்குழந்தைகள், தலைவர், அப்புறம் கோவேறு கழுதை உதைத்து முழங்கால் வீங்கிக் கிடந்த கும்ரியின் புருஷன்.

“உன் வீட்டுக்காரன் என்னடி, கழுதைகிட்ட உதை வாங்கிட்டு ராஜா மாதிரி படுத்திருக்கான்?” என்றாள் பீபிசாரா.

“கழுதைக்கும் ஆள் தெரியுது அக்கா. உங்க வீட்டுக்காரரா இருந்தா உதைச்சிருக்குமா? தலைவர்னு சலாம் வச்சிருக்கும்.”

சிரித்துக்கொண்டே நிமிர்ந்தபோதுதான் குதிரைகளைப் பார்த்தார்கள். கணவாய்ப் பக்கமிருந்து துப்பாக்கிக்காரர்கள் வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தார்கள். பீபிசாராவின் கையிலிருந்த மாவு தணலில் விழுந்து கருகியது. அதை எடுக்க இருவருக்கும் தோன்றவில்லை.

தோல் கோட்டுப் போட்ட கமாண்டர் குதிரையை விட்டு இறங்கவில்லை. பக்கத்தில் பேச்சை மொழிபெயர்க்க ஒரு துபாஷி, மூக்குக்கண்ணாடி போட்ட தாத்தார் இனத்தவன். வந்தவர்கள் மலைக்கு அந்தப்புறத்து மாவட்டத்துக்காரர்கள், இங்கே யாரையும் தெரியாது. தலைவர் ஓடி வந்து நெஞ்சில் கை வைத்துக் குனிந்தார்.

“நீங்கதான் தலைவரா? பேர் என்ன?” என்றான் துபாஷி.

தலைவர் கண் சிமிட்டாமல் சொன்னார். “ஏஷ்முராத்.”

கும்ரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏஷ்முராத் செத்துப்போன பெரிய மாமனார், தலைவரைப் பெற்றவர். திரும்பிப் பீபிசாராவைப் பார்த்தாள். பீபிசாரா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நோர்முராத்னு ஒருத்தனைத் தேடறோம். உடம்புல சிவப்பு மச்சம். இந்தப் பக்கம் வந்திருக்கான்னு தகவல். ஒளிச்சு வச்சீங்கன்னா கமாண்டர் ஊரையே கொளுத்திடுவார்.”

தலைவர் தொண்டையைச் செருமினார். அவர் பார்வை அடுப்பில், குதிரைகளின் காலில், எல்லாவற்றிலும் பட்டுவிட்டு ஒரு வாசலில் போய் நின்றது. கை தானாக உயர்ந்தது. அவர் காட்டியது கும்ரியின் வீடு.

எப்படி மனசு வந்தது அந்த மனுஷனுக்கு? வந்தது. உயிர் பயம் வந்தால் தம்பி என்ன, அண்ணன் என்ன. கும்ரி ஓடிப்போய்க் கதவை மறிக்க நினைத்தாள். அதற்குள் அவள் புருஷனை நொண்ட நொண்ட இழுத்து வந்துவிட்டார்கள். சட்டையைக் கிழித்தார்கள். தோள்பட்டைக்குக் கீழே மாதுளை முத்தை நசுக்கித் தேய்த்தது போல அந்த மச்சம்.

“பேரும் சரி, அடையாளமும் சரி” என்றான் துபாஷி. கமாண்டர் தலையாட்டினார்.

“ஐயா, மச்சம் இருக்கறதாலதான் அந்தப் பேரு!” என்றான் கும்ரியின் புருஷன். “இந்த மலையில நோர்முராத்னு இருக்கற எல்லாருக்கும் மச்சம் உண்டு. இது ரெண்டு அடையாளம் இல்ல, ஒண்ணுதான். நீங்க தேடறவனுக்கு மச்சம் எங்க இருக்கு? முதுகுலயா, முகத்துலயா?”

துபாஷி மொழிபெயர்த்தான். கமாண்டர் ஏதோ சொன்னார்.

“உடம்புல இருக்குன்னுதான் தகவல். உடம்புன்னா உடம்பு. நீ சொல்றது நிஜம்னா இன்னொரு நோர்முராத்தைக் காட்டச் சொல்றார். அவனுக்கும் மச்சம் இருந்தா யோசிப்பாராம்.”

கும்ரியின் புருஷன் வாயைத் திறந்தான். எதிரில் நின்ற அண்ணனைப் பார்த்தான். தலைவர் கழுத்துத் துண்டை இழுத்து இன்னும் இறுக்கிக்கொண்டு, மெல்லிய குரலில், “தம்பி...” என்றார். அவ்வளவுதான். அவன் வாய் மூடிக்கொண்டது. பெரியவர் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசாமல் வளர்ந்த பிள்ளை. இந்தப் பாழாய்ப்போன மரியாதையை வைத்துக்கொண்டு சாகப் போகிறான் என்று கும்ரிக்கு அந்தக் கணத்திலேயே தெரிந்துவிட்டது.

“பொம்பளைங்களே, நீங்க சொல்லுங்க. இந்த ஊர்ல வேற நோர்முராத் யாராவது உண்டா?” என்றான் துபாஷி.

சத்தம் கேட்டு அடுப்படியில் கூடிவிட்ட பெண்கள் தலைத்துணியின் நுனியை வாயில் வைத்துக்கொண்டார்கள். எல்லாருக்கும் தெரியும், ஒருத்திக்கும் சொல்ல வாயில்லை. தலைவர் அதை நம்பித்தான் நிற்கிறார் என்று கும்ரிக்குப் புரிந்தது. ஊரில் பிறந்த ஒரு சின்னப்பெண் இருந்திருந்தால்கூட இந்தப் பொய் ஒரு நிமிஷம் நின்றிருக்காது. வாயைக் கட்டிப்போட்டு வளர்த்த மருமகள்கள் மட்டும் இருக்கிற காலையாகப் பார்த்து அமைந்துவிட்டது அவருக்கு.

புருஷன் கையைப் பின்னால் கட்டினார்கள். முழங்கால் வலியில் அவன் ஒரு தரம் முனகினான்.

கும்ரி ஓர் அடி முன்னால் வைத்தாள். பீபிசாரா அவள் கையைப் பிடித்தாள்.

“வேண்டாம்டி கும்ரி. உன் கால்ல விழறேன்.”

“அவர் என் வீட்டைக் காட்டினாரேக்கா! நீங்களும்தானே பார்த்தீங்க?”

பீபிசாரா பிடியை இன்னும் இறுக்கினாள். தன் பிள்ளைக்குப் பால் கொடுத்தவளைத் தானே விதவையாக்குகிறோமே என்று கும்ரி பதறினாள். சொன்னால் அவள் புருஷன், சொல்லாவிட்டால் தன் புருஷன். யோசிக்க நேரமில்லை. முதலில் சொல்லப் பார்த்தபோது வெறும் காற்றுதான் வந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கையை உதறிக்கொண்டு மறுபடி முயன்றாள்.

“நோர்முராத்!” என்றாள், தலைவரைப் பார்த்து விரலை நீட்டி. “இவர் பேரும் நோர்முராத்தான். ஏஷ்முராத் இவங்கப்பா. துண்டை அவுக்கச் சொல்லுங்க, பிடரியில மச்சம் இருக்கும்.”

பெண்கள் கூட்டத்தில் யாரோ “ஐயோ” என்றார்கள். பொய் பேசியவரைப் பார்த்து அல்ல, பெயரைச் சொன்னவளைப் பார்த்து.

“பைத்தியக்காரி! புருஷனைக் காப்பாத்த உளர்றா!” என்று கத்தினார் தலைவர். முகம் செத்துப் போயிருந்தது.

கமாண்டர் முதல் தடவையாகக் குதிரையை விட்டு இறங்கினார். நேராகப் பீபிசாராவிடம் வந்தார். துபாஷி கேட்டான்:

“நீ இவர் சம்சாரம்தானே? உன் புருஷன் பேரைச் சொல்லு. ஏஷ்முராத்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா விட்டுடுவோம்.”

சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் நினைத்தாள் என்று பார்த்தவர்கள் எல்லாரும் பிறகு சொன்னார்கள். ஆனால் ஏஷ்முராத் அவளுக்கு மாமனார், அந்தப் பெயரும் வாயில் ஏறாது. நிஜப் பெயரும் ஏறாது, பொய்ப் பெயரும் ஏறாது. உதடு அசைந்தது, கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, சத்தம் மட்டும் வரவில்லை. கமாண்டர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பிப்போய்த் தானே துண்டை உருவினார். பிடரியில் முடிக்குக் கீழே சிவப்பாக இருந்தது அது.

“பார்த்தீங்களா?” கும்ரிக்கு மூச்சு வாங்கியது. “ரெண்டு பேருக்கும் இருக்கு. பேரு இருந்தா மச்சம் இருக்கும். அப்ப அது எப்படிங்க அடையாளம் ஆகும்? என் வீட்டுக்காரர் வீட்டை விட்டே நகரலை, முழங்காலைப் பாருங்க. இப்ப விட்டுடுவீங்க இல்ல?”

கமாண்டர் சிகரெட் பற்றவைத்தார். புத்தியில்லாத ஆள் அல்ல. அவள் சொன்னது அவருக்கு நன்றாகவே விளங்கியது, அது முகத்தில் தெரிந்தது. இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். விளங்கியதனாலேயே அலுத்துப்போனவர் போலத் துபாஷியிடம் சுருக்கமாக எதையோ சொல்லிவிட்டுக் குதிரையில் ஏறினார்.

“நீ சொல்றது நியாயம்தான்கறார்” என்றான் துபாஷி, கும்ரியின் கண்ணைப் பார்க்காமல். “ரெண்டு பேர்ல யாருன்னு அவரால கண்டுபிடிக்க முடியாது. ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போறோம். மேல இருக்கறவங்க பார்த்துப்பாங்க.”

மேலே இருப்பவர்கள் எப்படிப் பார்த்துக்கொள்வார்கள் என்று அந்த மலையில் தெரியாதவர் கிடையாது. கும்ரி கமாண்டரின் பூட்ஸ் காலைப் பிடித்தாள், குதிரை நகர்ந்துவிட்டது. அண்ணனையும் தம்பியையும் ஒரே கயிற்றில் கட்டிக் கடைசிக் குதிரையின் சேணத்தில் முடிந்தார்கள். தம்பியால் நடக்க முடியவில்லை. அண்ணன் அவனுக்குத் தோள் கொடுத்தார். அதைப் பார்த்தபோதுதான் கும்ரி வாய்விட்டு அழுதாள்.

பெண்கள் அவளைச் சுற்றி விலகி வட்டமாக நின்றார்கள். ஒருத்தியும் கிட்டே வரவில்லை. பெயரைச் சொன்னாள், ஆயுள் போயிற்று. அவர்கள் கணக்கில் அது அவ்வளவுதான், துப்பாக்கிக்காரனுக்கு அதில் இடமே இல்லை. குதிரைகள் ஓடையைத் தாண்டிச் சரிவில் ஏறத் தொடங்கின. அதற்கப்பால் பாறை மறைத்துவிடும்.

திடீரென்று பீபிசாரா ஓடினாள். காலில் செருப்பில்லாமல், மாவுக் கையோடு, ஓடைக் கரைவரை ஓடி நின்றாள். புருஷனைக் கூப்பிட வேண்டும். ஒரு தரம் அவர் திரும்பிப் பார்க்க வேண்டும். வாயைத் திறந்தாள். “ஓய்... ஓய்...” என்று மட்டும் வந்தது. தண்ணீர்ச் சத்தத்தில் அது அவளுக்கே கேட்டிருக்காது. வாயிலேயே படார் படாரென்று அடித்துக்கொண்டாள். பின்னாலேயே ஓடி வந்த கும்ரியின் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினாள்.

“நீ கூப்பிடுடி! உனக்குத்தான் வாய் திறந்துடுச்சே. எனக்காகக் கூப்பிடு!”

கும்ரி சரிவைப் பார்த்தாள். முன்குதிரைகள் பாறை மறைவுக்குள் போய்விட்டன.

“நோர்முராத்!” என்று தொண்டை கிழியக் கத்தினாள்.

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.